காலை டிபன் எத்தனை மணிக்குன்னு இரைப்பையைக் கேக்காதீங்க, கம்பெனி பஸ்ஸைக் கேளுங்க

த்ரெட் கொஞ்சம் நீளம். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

"காலை 7 முதல் 9 வரை இரைப்பையின் நேரம். அதுக்குள்ள சாப்பிடணும். 9 மணிக்கு மேல சாப்பிட்டா ஜீரணமாகாது, கழிவா தேங்கிடும்." இந்த மெசேஜ் இந்த மாசத்துல மட்டும் நாலு குரூப்ல எனக்கு வந்துருச்சு. கீழ ஒரு வட்டம் போட்ட கடிகாரப் படம். 3 முதல் 5 நுரையீரல், 5 முதல் 7 பெருங்குடல், 7 முதல் 9 இரைப்பை, 9 முதல் 11 மண்ணீரல். ஏதோ ரேஷன் கடை டைம் டேபிள் மாதிரி.

நான் திருபுவனை பக்கத்துல நோயாளி பார்க்கிறவ. விழுப்புரம் ரோட்டுல காலைல அஞ்சு மணிக்கு வந்து நில்லுங்க. மதகடிப்பட்டுல இருந்து வில்லியனூர் வரைக்கும் டிபன் பாக்ஸும் கையுமா பொம்பளைங்க கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிறது தெரியும். இவங்கள்ல ஒருத்தராவது 7 மணியிலிருந்து 9 மணிக்குள்ள உக்காந்து டிபன் சாப்பிட முடியுமா? அப்போ இந்த மெசேஜ் யாருக்கு எழுதினது?

முதல்ல இந்தக் கடிகாரக் கதையை முடிச்சுடுவோம். இது பழைய சீன மருத்துவத்துல உடம்புல சக்தி ஓடுற வரிசையைப் பத்தின நம்பிக்கை. அதுல பிரச்சனை இல்ல, அவங்க மரபு அவங்களுக்கு. ஆனா இரைப்பை 9 மணிக்கு ஷட்டர் இறக்கிடும்னு எந்த உடலியல் புத்தகத்துலயும் கிடையாது. நீங்க ராத்திரி 12 மணிக்கு சாப்பிட்டாலும் அமிலம் சுரக்கும், இரைப்பை அரைக்கும், குடல் உறிஞ்சும். வேகத்துல வித்தியாசம் வரும், அவ்வளவுதான். சிலர் 2017 நோபல் பரிசை இதுக்கு சாட்சிக்குக் கூப்பிடுறாங்க. ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேரும் பழ ஈயில கண்டுபிடிச்சது செல்லுக்குள்ள ஓடுற 24 மணி நேரக் கடிகாரம். அது உண்மை. ஆனா அந்தக் கடிகாரம் எல்லாருக்கும் ஒரே மணியைக் காட்டாது. நீங்க எப்ப எழுந்தீங்க, எப்ப வெளிச்சம் பார்த்தீங்க, தினமும் எப்ப சாப்பிடுறீங்கன்னு பார்த்துதான் தன்னை திருத்திக்கும். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வைக்கிற அக்காவுக்கும் ஏழரைக்கு எழுந்து செல்போன் பார்க்கிற தம்பிக்கும் ஒரே "இரைப்பை நேரம்" எப்படி வரும்?

அடுத்தது, "காலை உணவுதான் ஒரு நாளின் மிக முக்கியமான உணவு." நான் படிக்கும்போதும் இதைச் சொன்னாங்க. ஸ்கூல் சுவத்துலயும் எழுதிருப்பாங்க. இந்த வாசகம் உலகம் முழுக்கப் பரவினதுல டப்பா தானியம் வித்த அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு இருக்கு. 1944ல ஒரு கம்பெனி, நல்ல காலை உணவு சாப்பிட்டா நல்லா வேலை செய்யலாம்னு கடைகள்ல நோட்டீஸ் கொடுத்து, ரேடியோவுல விளம்பரம் பண்ணி தன் சரக்கை வித்துச்சு. விளம்பரம்ங்கறதாலயே பொய்யாகிடாது. சோதிச்சுப் பார்க்கணும். பார்த்தாங்க.

2014ல வந்த ஒரு ஆய்வுல எடை குறைக்க நினைச்ச சுமார் 300 பேரை 16 வாரம் பிரிச்சு வெச்சாங்க. ஒரு பக்கம் "காலையில சாப்பிடு", இன்னொரு பக்கம் "சாப்பிடாதே". கடைசியில எடையில வித்தியாசமே இல்ல. 2019ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. காலையில சாப்பிட்டவங்க ஒரு நாளைக்கு 260 கலோரி போல அதிகம் சாப்பிட்டாங்க, எடை அரைக் கிலோவுக்கும் கம்மியா கூட இருந்துச்சு. அந்த ஆய்வுகள் தரமானவை இல்லன்னு எழுதினவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஆக, டிபனை விட்டா குண்டாயிடுவீங்கன்னு பயமுறுத்த ஆதாரம் இல்ல.

உடனே எதிர் கோஷ்டி கை தட்ட வேண்டாம். அவங்க பக்கம்தான் இப்ப வரேன்.

"நான் 16:8 இருக்கேன் டாக்டர், மதியம் 12 மணிக்குதான் முதல் சாப்பாடு, சுகரே போயிடும்னு யூட்யூப்ல சொன்னாங்க." போகாது சார். 2020ல இதையே 116 பேர்கிட்ட 12 வாரம் சோதிச்சாங்க, மதியம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் மட்டும் சாப்பாடு. மூணு வேளை சாப்பிட்டவங்களைவிட எடையில சொல்லிக்கிற மாதிரி லாபம் இல்ல. இன்னொரு வேடிக்கை, 2018ல எட்டு ஆண்களை மட்டும் வெச்சு ஒரு சின்ன ஆய்வு நடந்துச்சு. அதுல இன்சுலின் நல்லா வேலை செஞ்சது யாருக்கு? காலையில சாப்பிட்டு, மதியம் மூணு மணிக்குள்ள கடைசிச் சாப்பாட்டை முடிச்ச முறையில. இவங்க பண்றது அதுக்கு நேர் தலைகீழ். காலையில பட்டினி, ராத்திரி பத்து மணிக்கு புரோட்டா சால்னா. இதுக்கு விரதம்னு பேர்!

சரி, அப்போ நேரமே முக்கியமில்லையான்னு கேப்பீங்க. ஆரோக்கியமா இருக்கிற, மாத்திரை எதுவும் எடுக்காத முப்பது வயசுக்காரருக்கு பெருசா முக்கியமில்ல. எட்டு மணியா பத்து மணியா, உங்க இஷ்டம். பசிச்சா சாப்பிடுங்க, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துல சாப்பிட்டா நல்லது.

ஆனா நம்ம ஊர்ல மாத்திரை எடுக்காதவங்க எத்தனை பேர்? 2023ல வந்த ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வு சொன்ன கணக்கு: சர்க்கரை நோய் அதிகம் இருக்கிற மாநிலம், யூனியன் பிரதேசங்கள்ல கோவா 26.4 சதவீதம், அடுத்து புதுச்சேரி 26.3 சதவீதம். பக்கத்துல இருக்கிற தமிழ்நாடு 14.4. அதாவது நம்ம புதுச்சேரியில பெரியவங்க நாலு பேர் நின்னா ஒருத்தருக்கு சுகர். இங்க காலை டிபன் நேரம்ங்கறது அழகுக் குறிப்பு இல்ல. தப்பா போனா ஆள் மயங்கி விழற விஷயம்.

எப்படின்னு சொல்றேன். ஆள் அடையாளம் தெரியாம விவரத்தை மாத்திருக்கேன், ஆனா இதே கதையோட வருஷத்துக்கு பத்து பேராவது வராங்க.

நாப்பத்தஞ்சு வயசு தாண்டின அக்கா. கம்பெனியில பேக்கிங் வேலை, காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு. சுகருக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. சீட்டுல "காலை, சாப்பாட்டுக்கு முன்"னு எழுதிருக்கு. அவங்க சொன்னதைத் தவறாம செய்றவங்க. நாலே முக்காலுக்கு ஒரு டீ, மாத்திரை, பஸ். முதல் சாப்பாடு பத்து மணி பிரேக்ல. எட்டரைக்கு கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண்ணு இருட்டும். ஒரு நாள் லைன்லயே சரிஞ்சுட்டாங்க. சுகர் 52.

கிளிமிபிரைடு வகை மாத்திரை என்ன பண்ணும்னா, நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பார்க்காம கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை இறக்கும். சோறு வரும்னு நம்பி அது வேலையை ஆரம்பிச்சுடும். சோறு வர அஞ்சு மணி நேரம் ஆகும்னு அதுக்குத் தெரியாது. "சாப்பாட்டுக்கு முன்"னா சாப்பிட உக்காரும்போது, மிஞ்சிப்போனா கால் மணி, அரை மணி முன்னால. விடியக்காலைல எழுந்த உடனே இல்ல.

மயக்கம் வந்த பிறகு அந்த அக்கா என்ன செஞ்சாங்க தெரியுமா? மாத்திரையை நிறுத்திட்டாங்க. "வேலை போயிடும் டாக்டரம்மா, மயக்கம் போட்டா லைன்ல நிக்க வெக்க மாட்டன்றாங்க." என்கிட்ட வரும்போது மூணு மாச சராசரி 10க்கு மேல. முன்ன பார்த்த இடத்துல அவங்க நோட்டுல எழுதியிருந்தது: "சொன்னபடி மாத்திரை எடுப்பதில்லை."

இந்த ஒரு வரிதான் என்னை இந்த த்ரெட் எழுத வெச்சது. சொன்னபடி எடுத்ததாலதான் அவங்க விழுந்தாங்க! எங்க ஆளுங்க 1-0-1ன்னு எழுதுறோம். காலை, மதியம், இரவுன்னு மூணு சூரியப் படம் போட்ட கவர்ல மாத்திரை கொடுக்கிறோம். "நீங்க முதல் சோறு எத்தனை மணிக்கு சாப்பிடுவீங்க"ன்னு ஒரு கேள்வி, அஞ்சு செகண்டு ஆகும், அதைக் கேக்கிறவங்க எத்தனை பேர்? ஓபியில நூறு பேர் நிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும். அதே வரிசையில அந்த அக்கா ஒரு நாள் கூலியை விட்டுட்டு நிக்கிறாங்க.

அவங்களுக்கு மருந்து கிடையாதா? இருக்கு. மாத்திரையை பத்து மணி சாப்பாட்டோட வெக்கலாம். இல்லன்னா சுகரை திடீர்னு இறக்காத வகைக்கு மாத்தலாம். சிட்டாக்ளிப்டின் காப்புரிமை 2022ல முடிஞ்சு விலை நல்லா இறங்கிடுச்சு, இப்ப அது பணக்காரங்க மருந்து இல்ல. 30/70 இன்சுலின் போடுறவங்களுக்கு இன்னும் ஜாக்கிரதை வேணும். ஊசிக்கும் சோத்துக்கும் நடுவுல அரை மணிதான். ஊசி வீட்டுல, சோறு கம்பெனியிலன்னா அது விபத்துக்கு நாள் குறிக்கிற வேலை. இந்த த்ரெட்டை வெச்சு நீங்களா மாத்திரையை மாத்தாதீங்க. எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட உங்க பஸ் டைம், பிரேக் டைம், சோத்து டைம் மூணையும் சொல்லுங்க. அவர் கேக்கலன்னாலும் சொல்லுங்க.

தைராய்டு மாத்திரை ஒரு தனித் தொல்லை. வெறும் வயித்துல தண்ணியோட, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் டீ கூட. நாலரைக்கு எழுந்து அஞ்சுக்கு ஓடுறவங்களுக்கு இது எப்படி முடியும்? டீயோட சேர்த்து முழுங்கிடுவாங்க, மருந்து பாதி வீண். 2010ல நெதர்லாந்துல 90 பேர்கிட்ட பார்த்த ஆய்வுல, ராத்திரி படுக்கும்போது எடுத்தாலும் நல்லா வேலை செய்யுது, சொல்லப்போனா இன்னும் நல்லாவேன்னு தெரிஞ்சது. சாப்பிட்டு மூணு மணி நேரம் இடைவெளி இருந்தா போதும். உங்க டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.

இப்ப கம்பெனி பக்கம்.

1948 தொழிற்சாலைச் சட்டத்துல ஒரு விதி இருந்துச்சு: தொடர்ச்சியா அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, நடுவுல அரை மணியாவது ஓய்வு விடணும். நல்ல விதிதான். ஆனா கணக்குப் போடுங்க. ஆறு மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பிச்சா பதினோரு மணி வரைக்கும் பிரேக் விடாம இருந்தாலும் அந்தச் சட்டப்படி சரி. ராத்திரி ஒம்பது மணிக்கு சாப்பிட்ட பொம்பளை மறுநாள் பதினோரு மணிக்கு சாப்பிட்டா 14 மணி நேரம். இதே 14 மணி நேரத்தை சென்னையில ஒருத்தர் பண்ணா அவருக்கு ஆப், கோச், மாசச் சந்தா எல்லாம் இருக்கு. இவங்க நின்னுக்கிட்டே எடை தூக்கிக்கிட்டுப் பண்றாங்க.

எட்டு மணிக்கு டீ கொடுக்கிறோமேன்னு சொல்வாங்க. பத்து நிமிஷம். அதுல பாத்ரூம் வரிசை, கை கழுவ வரிசை, டீ வரிசை. டிபன் பாக்ஸைத் திறந்தா மூட நேரம் இருக்காது. அதனால ரெண்டு பிஸ்கட், இல்லன்னா ஒரு பன்னு. ஒரு டீயில ரெண்டு ஸ்பூன் சக்கரைன்னு வெச்சாலும் 8-10 கிராம். மதியத்துக்குள்ள மூணு டீ. சாப்பிடாம சுகர் இறங்கும், இல்ல சக்கரைத் தண்ணியால ஏறும். நடுவுல நிக்கவே நிக்காது.

நான் கேக்கிறது ரொம்பச் சின்னது. ஆறு மணி ஷிஃப்டுக்கு எட்டு மணி பிரேக்கை இருபத்தஞ்சு நிமிஷம் ஆக்குங்க. உக்காந்து சாப்பிட இடம் கொடுங்க. 15 நிமிஷம் கூட ஆகுறதால ஏற்றுமதி நின்னுடாது. 1936 ஜூலை 30, புதுச்சேரி சவானா மில் தொழிலாளிகள் மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டதுல 12 பேர் செத்தாங்க. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடின காலம் அது. அந்த மண்ணுல நின்னுக்கிட்டு ஒரு இட்லி முழுங்குற நேரத்துக்கு நாம வாதாடிக்கிட்டிருக்கோம்.

"வீட்டுலயே நாலரை மணிக்கு சாப்பிட்டுட்டு கிளம்ப வேண்டியதுதானே" அப்படின்னு போன தடவை ஒரு சார் கமெண்ட்ல கேட்டிருந்தார். சார், மூணரைக்கு எழுந்து பாருங்க. சமைச்சு, புருஷனுக்கு ஒரு பாக்ஸ், பசங்களுக்கு ரெண்டு பாக்ஸ், மாமியாருக்கு மூடி வெச்சு, பாத்திரம் கழுவி, தண்ணி புடிச்சு, பஸ் ஹாரன் அடிக்கும்போது கிளம்புறவங்க அவங்க. அந்த வீட்டுல கடைசியா சாப்பிடுறது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? தட்டுல மிச்சம் இருந்தா சாப்பிடுவாங்க, இல்லன்னா டீ. நடவுக்கும் களையெடுக்கவும் போற பொம்பளைங்க நிலைமை ஒரு விதத்துல பரவால்ல. தூக்குல கூழோ பழைய சோறோ எடுத்துட்டுப் போய் எட்டு, எட்டரைக்கு வரப்புல உக்காந்து சாப்பிட்டுடுவாங்க, யாரும் பெல் அடிக்க மாட்டாங்க.

நைட் ஷிஃப்ட்காரங்க "டாக்டர், எனக்கு எது காலை டிபன்"னு கேக்கிறது நியாயமான கேள்வி. 2021ல ஒரு சின்ன ஆய்வு, 19 பேர். ராத்திரி முழிச்சிருந்து ராத்திரியில சாப்பிட்டவங்களுக்கு சர்க்கரை சராசரியா 6.4 சதவீதம் ஏறுச்சு. அதே மாதிரி முழிச்சிருந்தும் பகல்ல மட்டும் சாப்பிட்டவங்களுக்கு ஏறல. அதனால பத்து மணி ஷிஃப்டுக்கு முன்னால எட்டு மணிக்குள்ள நல்லா சாப்பிட்டுடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு பிரியாணி வேண்டாம், முடியலன்னா கொஞ்சம் சுண்டல், மோர். காலைல ஏழு மணிக்கு வீடு வந்து அளவா சாப்பிட்டுத் தூங்குங்க. சுகர் மாத்திரை எடுக்கிறவங்க சோத்தை தள்ளிப்போடாதீங்க, முதல்ல டாக்டர்.

பிள்ளைங்க விஷயத்துல மட்டும் நான் நேரத்துக்குக் கறாரா நிப்பேன். ஸ்கூல் மணி அடிக்கிறதுக்கு முன்னால வயித்துல ஏதாவது போகணும். 1998ல ஜமைக்கா கிராமப் பள்ளிகள்ல வருஷம் முழுக்க காலை உணவு கொடுத்துப் பார்த்தாங்க. வருகை கொஞ்சம் கூடுச்சு, சின்னப் பசங்க கணக்குல கொஞ்சம் தேறினாங்க. புதுச்சேரி அரசுப் பள்ளிகள்ல காலையில பால் கொடுக்கிற திட்டம் 20 வருஷத்துக்கு மேல பழசு. தமிழ்நாட்டுல 2022 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச திட்டத்துல உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சூடா சாப்பாடே போடுறாங்க. இது ஒண்ணும் புதுசு இல்ல. நம்ம திருபுவனை பெருமாள் கோயில் கல்வெட்டுல, 1048ல இங்க இருந்த கல்லூரியில 260 மாணவர், 12 ஆசிரியருக்கு நெல் ஒதுக்கினது பதிவாகியிருக்கு. படிக்க வந்தவனுக்கு முதல்ல சோறுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

என்ன சாப்பிடணும்னு கேப்பீங்க. அதுக்குத் தனி த்ரெட் வேணும். இப்போதைக்கு: நாலு இட்லியை ரெண்டு ஆக்கி, ஒரு அவிச்ச முட்டையோ ஒரு கை சுண்டலோ சேருங்க. சுகர் உள்ள பலருக்கு விடியக்காலை ஹார்மோன்களால காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சுகர் ரொம்ப ஏறும். அதுக்காக காலை சாப்பாட்டையே விடாதீங்க. 2015ல 22 சர்க்கரை நோயாளிங்ககிட்ட பார்த்தாங்க, காலை சாப்பாட்டை விட்ட அன்னைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் இன்னும் அதிகமா எகிறுச்சு.

கடைசியா, ஃபாஸ்டிங் டெஸ்ட். "வெறும் வயித்துல வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டு பதினோரு மணி வரைக்கும் வரிசையில நிக்க வெக்கிறது பல இடத்துல நடக்குது. எழுபது வயசுப் பெரியவர் ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டவர், காலைல மாத்திரையும் போட்டுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருப்பார். எட்டுலேருந்து பத்து மணி நேரம் வெறும் வயிறு போதும், பதினஞ்சு தேவையில்ல. மூணு மாச சராசரிக்கு வெறும் வயிறே வேண்டாம். கொலஸ்ட்ராலுக்கும் பெரும்பாலானவங்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிங்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கிற சோதனையை எப்ப சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம்னு நம்ம தேசிய வழிகாட்டியே சொல்லுது. சென்னை டாக்டர் வி. சேஷையா இதுக்காகப் பல வருஷம் வாதாடினார். கர்ப்பத்துல பட்டினி உடம்பை வேகமா வாட்டும். அப்படியிருந்தும் ஏழு மாச வயித்தோட வெறும் வயித்துல வான்னு இன்னும் சொல்றாங்க.

நாளைக்கு யாராவது ஃபாஸ்டிங் கொடுக்கப் போறீங்கன்னா சுகர் மாத்திரையையும் ஊசியையும் போட்டுக்கிட்டுப் போகாதீங்க, கையில எடுத்துட்டுப் போங்க. இட்லி டப்பாவும் எடுத்துக்குங்க. ரத்தம் எடுத்த உடனே அந்த பெஞ்சுலயே உக்காந்து மாத்திரை போட்டு சாப்பிடுங்க. நடுவுல கை நடுங்குச்சு, வேர்த்துச்சுன்னா டெஸ்ட்டை விட்டுடுங்க. மூணு ஸ்பூன் சக்கரை தண்ணியில கலந்து குடிங்க, 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க, அப்புறம் சோறு. கிளிமிபிரைடு எடுக்கிறவங்களுக்கு திரும்பவும் இறங்கலாம், அதனால அன்னைக்குத் தனியா வீட்டுக்கு அனுப்பாதீங்க.